கும்ரியின் சீர்ப்பெட்டியும் அன்சிரத் உஸ்தாவும்

கைதேர்ந்த தொழிலாளியை உஸ்தா என்றழைக்கும் மர்கிலான் நகரில், எந்திரம் பழுது பார்க்கும் அன்சிரத் உஸ்தாவை எவரும் விரும்பி அழைத்ததில்லை. குளிர்பெட்டி குளிராதபோதும், அடுப்பு காயாதபோதும், மாவு பிசையும் எந்திரம் பாதி மாவில் நின்றுபோனபோதும், வேறு வழியற்றே அழைத்தார்கள். அவரும் எவர் வீட்டுக்கும் விரும்பிச் சென்றவரல்லர். வாசலைக் கடக்கும்போதே வசை தொடங்கிவிடும். முதல் திருகாணி கழல்வதற்குள் அந்த எந்திரத்தைச் செய்தவன், விற்றவன், வாங்கியவன், அதன்மேல் பூத்துணி போர்த்தி வைத்தவள் ஆகிய நால்வர்க்கும் உரிய பங்கு கிடைத்திருக்கும்.

ஐம்பத்தெட்டு வயதுப் பெண், நெடிய உடம்பு, கோடையிலும் கழற்றாத ஆண்பிள்ளைக் காலணி. கருவிப் பையையும் வாயு உருளையையும் பழைய குழந்தைத் தள்ளுவண்டி ஒன்றில் கிடத்தித் தெருவில் தள்ளிக்கொண்டு வருவார். அறியாதவர்கள் பேரப்பிள்ளை என்று எண்ணிக் குனிந்து பார்த்து ஏமாறுவார்கள். இளமையில் தொழிற்பள்ளியில் குளிரூட்டும் வித்தை கற்று, இறைச்சி ஆலையின் பனி அறையில் பத்தொன்பது ஆண்டு வேலை செய்தார். ஆலை மூடியபின் வீடு வீடாகப் பழுது பார்க்கலானார். கணவர் அவருடைய நாக்குக்கு அஞ்சி ஆண்டிஜானுக்கு ஓடிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையில் அம்மனிதர் நுரையீரல் நோயுற்று, மனைவியின் மடியிலேயே இறந்தார். அந்தக் கதையை அன்சிரத் ஒருநாளும் மறுத்ததில்லை. "பயந்து ஓடினான்னே இருக்கட்டும். பாக்கி இருக்கிறவனும் பயப்படுவான்" என்பார்.

இக்காலத்துச் சமையலறை எந்திரங்கள் அனைத்தின்மேலும் அவருக்குத் தீராத பகை இருந்தது. பழையவற்றின்மேல் அன்பு என்றும் கொள்ள வேண்டா. "அது அசிங்கமா இருந்து அசிங்கமா செத்துச்சு. இது அழகா இருந்து அழகா சாகுது. அவ்வளவுதான் வித்தியாசம்." பளபளக்கும் முகப்பைத் தட்டி, "கதவுல டிவி வெக்கத் தெரிஞ்சவனுக்கு உள்ள மோட்டாரைக் கிளப்புற ஒரு ரூபிள் பெறுமான ரிலே நல்லதா வெக்கத் தெரியல" என்பார். மின்குக்கரில் புலாவ் சமைக்க முயன்று, அடியில் தீய்ந்த அரிசியோடு அதை எடுத்து வந்த பெண்ணிடம், "இதுக்குப் பேசத் தெரிஞ்சிருந்தா போலீஸ்ல புகார் குடுத்திருக்கும்" என்றார். எந்திரங்களில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டுகளை அவர் படிப்பதேயில்லை; மோட்டாருக்குள் ஓடும் எண்ணெயைத்தான் பார்ப்பார். "சீட்டு பொய் சொல்லும். எண்ணெய் பொய் சொல்லாது." இது அவருடைய வேதவாக்கு. முப்பத்தோர் ஆண்டுகளில் சொன்ன சொல்லை ஒருமுறையும் திரும்ப வாங்கியதில்லை என்பது அவருடைய பெருமை. அப்பெருமையே அவருடைய பிழைப்பும். 'அன்சிரத் ஒரு பெட்டியைச் செத்தது என்றால் செத்ததுதான்' என்று ஊர் சொல்லும். அந்த நம்பிக்கைக்காகவே ஊர் வசையையும் பொறுத்தது.

நாவுக்கு எலும்பு வைக்காத இறைவன், அது செய்யும் காயத்துக்கு மட்டும் எலும்புவரை செல்லும் வழியை வைத்தான். அவ்வழி ஹிதாயத்தின் வீட்டில் திறந்தது.

ஹிதாயத் பட்டுச் சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவள். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே மூச்சு விடாதவள். அவள் மகன் எல்முராத் தொலைதூரக் கஜான் நகரில் கட்டட வேலை செய்கிறான். சென்ற அக்டோபரில் அவனுக்குக் கும்ரியை மணமுடித்தாள்; இருபதே நாளில் அவன் திரும்பிப் போனான். கும்ரியின் தந்தை சாலிஜான் லாரி ஓட்டுபவர். மகளுக்கு அவர் கொடுத்த சீரில் குளிர்பெட்டி ஒன்று. வெள்ளி நிறத்தது, ஆளுயரத்தது. அதனோடு தாயும் சிற்றன்னையரும் மூன்று குளிர்காலம் தைத்த பஞ்சுமெத்தைகள், மகமல் முகப்பு வைத்தவை. இரண்டும் ஒரே லாரியில் வந்து இறங்கின.

அப்பெட்டி மே மாதத்தில் ஒருமுறை நின்றது. அன்சிரத் வந்தார், தாழ்வாரத்தில் நின்ற பெட்டியின் பின்புறத்தைத் திறந்து, கருகிய ரிலேயை மாற்றி, கடைக்காரனின் குலத்தை வாழ்த்திவிட்டுப் போனார். ஜூலையில், சில்லா என்னும் நாற்பது நாள் வெயில் தொடங்கிய வாரத்தில், பெட்டி அடியோடு செத்தது. உள்ளே இருந்த ஆட்டிறைச்சி நாறியது. அன்சிரத் மறுபடி வந்து, தாழ்வாரத்திலேயே அமர்ந்து, பெட்டியின் மோட்டாரான கம்ப்ரசரை அறுத்தெடுத்துச் சரித்தார். கும்ரி தேநீர் கொண்டுவந்து வைத்த வெள்ளைக் கிண்ணத்தைக் குடித்துக் காலிசெய்து, அதிலேயே எண்ணெயை ஊற்றினார். எண்ணெய் மை போலக் கறுத்திருந்தது.

"எப்ப வாங்கினது இது?"

"சம்பந்தி வீட்டுச் சீர், உஸ்தா. பத்து மாசம்கூட ஆகல" என்றாள் ஹிதாயத்.

"பத்து மாசமா? மோந்து பாரு. பத்து வருஷம் ஓடின எண்ணெய் இது. புதுத் தோலுக்குள்ள செத்த பெட்டியோட மோட்டாரைச் சொருகி வித்திருக்கான்."

"எங்கப்பா புதுசுதான் வாங்கினாரு" என்றாள் கும்ரி, தேநீர்க் குடுவையைக் கீழே வைக்காமல்.

"ஆமா, எல்லா அப்பனும் புதுசுதான் வாங்குறான். கடைக்காரன் பாதி விலைக்குக் குடுத்திருப்பான், உங்கப்பா கேள்வி கேக்காம வாங்கியிருப்பாரு."

கடைசியில் சொன்னது எண்ணெய் சொன்ன செய்தியன்று. அது அன்சிரத்தின் வாய் தானே சேர்த்தது. வெயிலும் பசியும் முப்பதாண்டு வெறுப்பும் கூடி, கையில் அகப்பட்டவன்மேல் எறிந்த கல் அது. எறிந்தவர் வண்டியில் கம்ப்ரசரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஹிதாயத் கிண்ணத்தைக் கொட்டவில்லை. அதன்மேல் தட்டு ஒன்றை மூடி, சன்னல் விளிம்பில் வைத்தாள். வந்தவர்க்கெல்லாம் தட்டைத் திறந்து காட்டினாள். "பாத்தியா, என் சம்பந்தி ஊத்தின தேன். மோந்து பாரு. அன்சிரத் வாயால சொன்னது, நான் சொல்லல." ஒன்பது நாளில் அந்தக் குடியிருப்பான மஹல்லா முழுவதும் அதை மோந்து பார்த்தது. கும்ரி முற்றம் பெருக்கும்போது தெருவில் போகிறவள் ஒருத்தி, "என்ன பொண்ணே, விளக்குமாறாவது புதுசா, அதுவும் பாதி விலையா?" என்று கேட்டுப் போனாள். கஜானிலிருந்து எல்முராத் போனில், "அம்மா சொல்றபடி செய், என்னை நடுவுல இழுக்காத" என்றான். பத்தாம் நாள் ஹிதாயத் சாலிஜானுக்குச் சொல்லியனுப்பினாள்: வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வா, கொண்டுவந்த அதே லாரியைக் கொண்டுவா, பெட்டியையும் ஏற்றிக்கொள், பெண்ணையும் ஏற்றிக்கொள்.

இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் கதை இந்நகரில் எப்படி முடியும் என்பது யாவர்க்கும் தெரியும். அவள் தங்கைகள் இருவரையும் யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். சாலிஜான் லாரி நிறுத்துமிடத்தில் தலைநிமிர்ந்து தேநீர் குடிக்க மாட்டார்.

சாட்சி சொல்ல அன்சிரத்தையும் அழைத்தாள் ஹிதாயத். "மருமகளை அனுப்புறது என் வேலையில்ல" என்றார் உஸ்தா. "மோட்டாரைப் பத்திக் கேட்டா, மோட்டாரைப் பத்திச் சொல்வேன்." செத்த கம்ப்ரசரை வண்டியில் கிடத்தித் தள்ளிக்கொண்டு வந்தார்.

சாட்சியாக வருபவரைத் தாழ்வாரத்தில் நிறுத்துவது முறையன்று. ஆகவே அன்றுதான் அன்சிரத் முதன்முறையாகக் காலணியைக் கழற்றிவிட்டு அவ்வீட்டு விருந்தறைக்குள் நுழைந்தார். அண்டை வீட்டுப் பெண்கள் பதினொருவர் சுவரோரம் அமர்ந்திருந்தனர். சாலிஜான் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசற்படியருகே நின்றார். உட்காரச் சொல்பவர் இல்லை. கும்ரி மூட்டையோடு மூலையில் இருந்தாள். எதிர்ச் சுவரின் மாடத்தில், தரையிலிருந்து கூரை முட்ட, மகமல் மெத்தைகள் சிவப்பும் பச்சையும் நீலமுமாக அடுக்கியிருந்தன. அந்த வண்ணச் சுவரின் நடுவே, ஆளுயரத்துக்கு, பல் விழுந்த ஈறு போல ஓர் இருண்ட பொந்து.

"சொல்லுங்க உஸ்தா, அன்னிக்குச் சொன்னதை இவர் காது கேக்கச் சொல்லுங்க" என்றாள் ஹிதாயத்.

அன்சிரத் அவளைப் பார்க்கவில்லை. "அது என்ன ஓட்டை?"

"எது?"

"மெத்தைக்கு நடுவுல."

"ஃபிரிட்ஜ் இருந்த இடம். அதையெதுக்குக் கேக்குறீங்க?"

"இங்கயா இருந்துச்சு? தாழ்வாரத்துல இல்ல?"

"நீங்க வர்றப்ப தாழ்வாரத்துக்குத் தள்ளிட்டுப் போவோம். எண்ணெய்க் கையோட விருந்தறைக்குள்ள விடுவாங்களா? நல்லா கேட்டீங்க! மத்த நாள்ல இங்கதான். வர்றவங்க கண்ணுக்குச் சீர் ரெண்டும் ஒண்ணாத் தெரியணும்ல. மேலயும் நாலு மெத்தை போட்டிருந்தேன், தூசி படாம."

அன்சிரத் மாடத்தருகே போனார். பொந்துக்குள் கையை விட்டு, பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு மெத்தையை உருவினார். பச்சை மகமலின் ஓரத்தில், தேய்ப்புப்பெட்டியை மறந்து வைத்தாற்போல, நீளவாக்கில் ஒரு பழுப்புத் தழும்பு. இன்னொன்றை உருவினார், அதிலும் தழும்பு. மற்றப் பக்கத்திலும் அவ்வாறே. மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

அவர் பேசாதிருந்திருக்கலாம். அறையில் இருந்த எவரும் அத்தழும்பின் பொருளை அறிந்தவரல்லர். மெத்தையை மடித்து வைத்துவிட்டு, 'எண்ணெய் பழசுதான்' என்று ஒரே சொல்லில் முடித்துப் போயிருந்தால், முப்பத்தோராண்டுப் பெயரில் ஒரு கீறலும் விழுந்திராது. கம்ப்ரசர் கிடக்கும், பெண் போய்விடுவாள், ஊர் அவரைத் தொடர்ந்து அழைக்கும். அவர் மெத்தையைக் கையில் பிடித்தபடி நின்றார். அப்போது அவருடைய முகம், இரண்டு கைகளிலும் சுமையேந்தி ஒற்றைப் பலகைப் பாலத்தின் நடுவே நிற்பவருடையது போல் இருந்ததென்று அங்கிருந்த பெண்கள் சொல்வார்கள்.

"தப்பு" என்றார்.

"யார் தப்பு?" என்று பாய்ந்தாள் ஹிதாயத்.

"பெட்டி புதுசு. மோட்டாரும் புதுசு. அதைக் கொன்னது நீ. அதைக் கண்டுபிடிக்காம இந்த மனுஷன் மேல பழி போட்டது நான்."

அறை இரைந்தது. அன்சிரத் அதற்குமேல் குரலை உயர்த்தினார். "முன்ன வந்த பெட்டிக்கு முதுகுல கறுப்புக் கம்பிவலை இருந்துச்சு, எல்லாரும் பாத்திருப்பீங்க. உள்ள இருக்கிற சூடு அது வழியா வெளிய போகும். இந்தக் காலத்துப் பெட்டிக்கு முதுகு மொழுமொழுன்னு இருக்கு. சூட்டுக்குழாய் ரெண்டு விலாவுலயும் தகட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. விலாவுக்குக் காத்து வேணும். நீ ரெண்டு பக்கமும் பஞ்ச அடைச்சு, தலைக்கு மேல நாலு மெத்தையப் போட்டு, சில்லா வெயில்ல ஓடுன்னா? உன்னை அப்படிப் போர்த்தி ஓட விட்டா பத்து மாசம் தாங்குவியா? வெளிய போக வழியில்லாம அந்தச் சூடு மெத்தையத் தீய்ச்சுது, எண்ணெய் வெந்து கறுத்துப்போச்சு. வயசாகிக் கறுத்ததுன்னு நான் நெனச்சேன்."

"நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு" என்றாள் ஹிதாயத். "சம்பந்தி எவ்வளவு குடுத்தாரு உஸ்தா?"

சாலிஜான் அப்போதுதான் வாய் திறந்தார். "அக்கா, மோட்டார்ல நம்பர் அடிச்சிருக்குமே. பெட்டியில ஒட்டின சீட்டுலயும் இருக்கும். ரெண்டையும் ஒத்துப் பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. இரண்டு முறை வந்தும், திரும்பிப் பார்த்தால் கண்ணில் படும் எண்களை அவர் பார்த்ததில்லை. வெளியே போய், வண்டியில் கிடந்த கம்ப்ரசரின் தகட்டைத் துணியால் துடைத்து, தாழ்வாரத்தில் நின்ற பெட்டியின் சீட்டோடு ஒத்துப் பார்த்து வந்தார். "ஒரே ஆலை. ஒரே வருஷம், போன வருஷம். வாரம்கூட ஒண்ணுதான்."

"சீட்டு பொய் சொல்லும்னு ஊரெல்லாம் பாடினது யாரு?" ஹிதாயத் மற்றப் பெண்களை நோக்கிக் கைவிரித்தாள். "இப்ப மட்டும் சீட்டு ஹஜ் போயிட்டு வந்துடுச்சா?"

பெண்கள் சிரித்தார்கள். கல்லெறிந்தவர்க்குத் தம் கல்லே திரும்பி வரும் நாள் அது. அன்சிரத்தின் காதுகள் சிவந்தன. ஆனால் அவர் உட்காரவில்லை.

"சரி, சீட்டை விடு. உன் மக மொஹிதிலை போன வசந்தத்துல குவாவுல கட்டிக் குடுத்தியே. அவளுக்கு என்ன பெட்டி குடுத்த?"

"இதே கடையில, இதைவிடப் பெருசு. ஏன்?"

"எங்க வெச்சிருக்காங்க அதை?"

சுவரோரம் இருந்தவர்களில் ஒருத்தி, தீங்கு நினைத்தோ நினையாமலோ, "நீதானேடி போன்ல படம் காட்டின" என்றாள். "மெத்தைக்கு நடுவுல ராணி மாதிரி நிக்குதுன்னு சொன்னியே."

"அப்ப அதுவும் இந்தக் கோடையிலயோ அடுத்த கோடையிலயோ சாகும்" என்றார் அன்சிரத். "எண்ணெய் இதே நெறத்துல இருக்கும். குவாவுலயும் வாய் நீண்ட உஸ்தா ஒருத்தன் இருப்பான். மொஹிதிலோட மாமியா வீட்டுலயும் ஒரு வெள்ளைக் கிண்ணம் இருக்கும். உன் சம்பந்திக்கு லாரி அனுப்பச் சொல்லுவா. உன்கிட்ட லாரி இருக்கா, ஹிதாயத்?"

ஹிதாயத் மேலங்கிப் பையில் போனைத் துழாவி எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். திராட்சைப் பந்தலின் கீழிருந்து அவள் குரல் அறைக்குள் தெளிவாகக் கேட்டது: "மொஹிதில், மெத்தைய எடு. ஃபிரிட்ஜ் பக்கத்துல இருக்கிறது எல்லாத்தையும் எடு. இப்பவே. ஏன்னு கேக்காதடி, எடுன்னா எடு. மாமியா கேட்டா பூச்சி வந்துடுச்சுன்னு சொல்லு."

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. பதினொருவரில் பாதிப் பேருக்கு மணமான மகளோ மருமகளோ இருந்தாள். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்து, அவசர வேலை இருப்பதாகச் சொல்லி வெளியேறினார்கள்.

ஹிதாயத் திரும்பி வந்தாள். மன்னிப்பு என்னும் சொல்லுக்கு அவள் வாயில் இடமில்லை. "சரி, பெட்டி இருக்கட்டும். அவளும் இருக்கட்டும். சம்பந்தி, எதுக்கு நிக்கிறீங்க, உக்காருங்க. மருமகளே, டீ போடு."

கும்ரி எழுந்தாள். ஆனால் அடுப்படிக்குப் போகவில்லை.

சாலிஜான் மகளைப் பார்த்தார். "வர்றியாம்மா? லாரி வாசல்ல நிக்குது. வர்றதுன்னா வா, எவன் என்ன பேசினாலும் நான் பாத்துக்கிறேன்."

"நான் இருக்கேன்பா. அவர் இலை உதிர்றப்ப வருவாரு. 'நடுவுல இழுக்காத'ன்னு சொன்னாரே, அதை அவர் மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்கணும். அதுக்கு இருக்கேன்." பிறகு மாடத்தைக் காட்டினாள். "லாரி வெறுமனே போக வேணாம். என் மெத்தைய ஏத்துங்க."

"என்னடி பேசுற?" என்றாள் ஹிதாயத்.

"பெட்டியக் கொன்னது அதுங்கதானே அம்மா. உஸ்தா இப்பத்தானே சொன்னாங்க. கொலைகாரங்கள வீட்டுல வெச்சுக்கலாமா?"

தந்தையும் மகளுமாக மெத்தைகளைத் தோளில் சுமந்து வாசலுக்குக் கொண்டுபோனார்கள். தடுக்க நினைத்தவள் தடுக்க முடியாமல் நின்றாள். அவை மருமகளின் தாய்வீட்டுச் சொத்து, கைவைக்க மாமியாருக்கு உரிமையில்லை என்பதை அறைக்குள் மிஞ்சியிருந்த ஒன்பது சாட்சிகளும் அறிவர். பட்டப்பகலில், சந்தை வழியே, மகமல் மெத்தைகள் குன்றாய் ஏற்றிய லாரி ஊர்ந்து போயிற்று. பெண்ணைக் கூட்டிப்போக வந்த வண்டி பெண்ணில்லாமல் மெத்தைகளோடு திரும்புவதை ஊர் நின்று பார்த்தது. ஹிதாயத்தின் விருந்தறை மாடம் வெறுஞ்சுவராய் நின்றது. மெத்தையில்லாத மாடம் எங்களூரில் பந்தலில்லாத கல்யாண வீடு போன்றது. அன்று முதல் அவள் அவ்வறைக் கதவைச் சாத்தியே வைத்தாள்.

வாசலில் அன்சிரத் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி கும்ரிக்காகக் காத்திருந்தார்.

"பொண்ணே, புது மோட்டாரை நானே காசில்லாம போட்டுத் தர்றேன்."

"காசு வாங்கிக்குங்க உஸ்தா" என்றாள் கும்ரி. "எங்க வீட்டுல பாதி விலைக்கு எதையும் வாங்குற பழக்கம் இல்ல."

செய்தி பரவ அந்த மாலையே போதுமாயிருந்தது. அன்சிரத்தின் சொல் ஒரு சொல்லன்று, இரண்டு சொல் என்று ஊர் பேசலாயிற்று. மருமகள்மேல் இல்லாத பழியைச் சுமத்தியவர் என்று சிலரும், மாமியாரை அவள் வீட்டிலேயே அவமதித்தவர் என்று சிலரும் அவரை ஒதுக்கினார்கள். வழக்கமாக அழைக்கும் வீடுகள் பல ஃபெர்கானாவிலிருந்து ஒரு வாலிபனை வரவழைத்தன. அவன் சிரித்துப் பேசுவான், ரிலேயை மாற்றுவான், மெத்தையைப் பற்றி ஒன்றும் கேளான். அன்சிரத்தோ கேட்காமலே கதவைத் தட்டி, "பெட்டி எங்க நிக்குது, காட்டு" என்று விருந்தறைகளைத் திறக்கச் சொல்லிச் சண்டையிட்டார். சில வீடுகள் திறந்தன. பல வீடுகள் தாழிட்டன. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் அவர் புதிய கம்ப்ரசரோடு ஹிதாயத்தின் வீட்டுக்கு வந்தார். பெட்டி இப்போது சமையலறையில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, இருபுறமும் வெறுமையாக நின்றது. மூன்று மணி நேரம் குழாயைப் பற்றவைத்தார், பம்பால் அதனுள்ளிருந்த காற்றை உறிஞ்சினார், வாயுவை நிரப்பினார். வழக்கமான வசை ஒன்றும் வரவில்லை. கும்ரி கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் நாட்டில் பகைவன் வீட்டுக்கு வந்தாலும் முதலில் தேநீர் வைத்துவிட்டுத்தான் பகையைப் பேசுவது. அன்று அடுப்பில் கெண்டி இருந்தது, நீரும் கொதித்தது. தேநீர் வரவில்லை. அன்சிரத் கேட்கவுமில்லை. இடையில் ஒருமுறை முற்றத்துக்குப் போய்க் குழாயில் வாய்வைத்துக் குடித்து, புறங்கையால் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

பெட்டி மெல்ல உறுமித் தொடங்கியது.

"குளிருது" என்றார்.

கும்ரி கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டி, நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு இரண்டு விலாக்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவை இளஞ்சூடாக இருந்தன. கதவைச் சாத்தினாள்.

"சரி" என்றாள். "போங்க, உஸ்தா."